கரடி போட்ட சிவப்பு பனியன்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் எதிர்வீட்டு அக்காவைத் தெரிந்திருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் எட்டரைக்குப் போனால், ஆர்டர் அவசரம் என்கிற நாட்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

போன ஞாயிறு, நாலாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு காதர்பேட்டைக்குப் போய்விட்டு வந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஏற்றுமதியில் மிஞ்சியது, சின்னக் குறையால் கழிந்தது, உள்ளூருக்கென்றே தைத்தது என எல்லாமும் குவியல் குவியலாக விற்கிற இடம் அது. மகளுக்கு இரண்டு டி-ஷர்ட் வாங்கியிருந்தார். அதில் ஒன்றின் நெஞ்சில் ஒரு மஞ்சள் கரடி. சிவப்பு பனியன் போட்டுக்கொண்டு, தேன் பானைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தது.

"ஏன் அம்மணி, நீதான் நாலு எழுத்துப் படிச்சவ. இந்தக் கரடி ஆரு?" என்று கேட்டார் அக்கா. "ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்க கம்பெனிக்கு இதே கரடி ஆர்டர் வந்துச்சு. ஆயிரக்கணக்குல பார்த்துத் தள்ளியிருப்பேன். மூக்குல ஒரு பொட்டு மை சிந்தியிருந்தாலும் பீஸைத் தனியா எடுத்து வெச்சுரோணும். அத்தனை பார்த்தும் இது ஆருன்னு எனக்குத் தெரியாது."

மகளுக்கு வேறு கவலை. "சித்தி, இது பனியன் மட்டும் போட்டிருக்குது. ட்ரவுசர் ஏன் போடல?"

இருவர் கேட்டதற்கும் பதில் ஒன்றுதான். அது கதையில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது.

வெற்றுடம்புக் கரடி

கரடியின் பெயர் வின்னி த பூ. இங்கிலாந்தில் ஏ.ஏ. மில்ன் என்ற எழுத்தாளர் தன் மகன் கிறிஸ்டோபர் ராபினுக்கு வாங்கிய பொம்மைக் கரடியை வைத்து எழுதிய கதை. 1926-இல் புத்தகமாக வந்தது. ஈ.எச். ஷெப்பர்ட் கறுப்பு வெள்ளையில் கோட்டுப் படங்கள் வரைந்தார். அந்தப் படங்களில் கரடி பெரும்பாலும் வெற்றுடம்போடுதான் திரிகிறது. கரடிக்கு எதற்குச் சட்டை?

1930-இல் அமெரிக்காவிலிருந்து ஸ்டீபன் ஸ்லெசிங்கர் என்பவர் வந்தார். கதாபாத்திரங்களைப் பொருளாக விற்கத் தெரிந்தவர். ஆயிரம் டாலர் முன்பணம், வரும் வருமானத்தில் பங்கு என்று மில்னோடு ஒப்பந்தம் போட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் கரடியைப் பொம்மையாக, விளையாட்டாக, இசைத்தட்டாக விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். கோட்டுப் படம் கடை அலமாரியில் கண்ணை இழுக்காது என்பது வியாபாரிக்குத் தெரியாதா? 1932-இல் வந்த ஒரு இசைத்தட்டின் படத்தில் கரடிக்கு வண்ணம் பூசி, சிவப்புச் சட்டை மாட்டிவிட்டார். ட்ரவுசர் மாட்டவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை போலிருக்கிறது.

1961-இல் உரிமைகள் டிஸ்னி நிறுவனத்திடம் வந்தன. 1966-இல் முதல் படம் வெளியானது. சிவப்புச் சட்டை அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று உலகத்தில் பாதிப் பேருக்குக் கரடியைத் தெரியும். அதில் எத்தனை பேர் மில்ன் எழுதிய கதையைப் படித்திருப்பார்கள்?

இன்னொரு விசேஷம் கேளுங்கள். அந்த முதல் புத்தகம் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆகிவிட்டது. வெற்றுடம்புக் கரடியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சிவப்புச் சட்டை போட்ட டிஸ்னி கரடியை அப்படித் தொட முடியாது. கதைக்காரர் படைத்த கரடி ஊருக்குச் சொந்தம், வியாபாரி மாட்டிய சட்டை கம்பெனிக்குச் சொந்தம்! பனியன் ஊரில் பிறந்த நமக்கு இதைவிடச் சுலபமாக யாராலும் பிராண்ட் பாடம் நடத்த முடியாது.

முயலம்மாவின் சாமர்த்தியம்

இந்த வித்தையைத் தொடங்கிவைத்தவர் ஸ்லெசிங்கர் இல்லை. அவருக்கு முன்பே ஒரு பெண் செய்து காட்டிவிட்டார். பீட்டர் ராபிட் என்ற குறும்பு முயலின் கதையை எழுதிப் படமும் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர். பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பிவிட்டதால், 1901-இல் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் வாங்கிப் போட்டது. புத்தகம் பறந்தது.

புத்தகம் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. 1903-இல் தன் கையாலேயே ஒரு முயல் பொம்மை தைத்து, அதன் வடிவத்தைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். பிறகு பலகை விளையாட்டு, சுவரில் ஒட்டும் காகிதம் என்று ஒவ்வொன்றாக யோசித்தார். ஆனால் அவருடைய பதிப்பகம் ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டது. அமெரிக்காவில் அந்தப் புத்தகத்துக்குப் பதிப்புரிமை பதிவு செய்ய மறந்துபோனது. அங்கே கண்டவர்களெல்லாம் திருட்டுப் பதிப்புப் போட்டார்கள். பாட்டருக்கு ஒரு காசு வரவில்லை. பதிந்த பொம்மையில் பாதுகாப்பு, பதியாத புத்தகத்தில் நஷ்டம். கதாபாத்திர வியாபாரத்தின் முதல் பாடம் ஒரே ஆளின் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் எழுதப்பட்டுவிட்டது.

நம் காலத்துக்கு வந்தால் ஹாரி பாட்டர். 1997-இல் முதல் புத்தகம் வந்தபோது கெட்டி அட்டையில் அச்சிட்டது வெறும் 500 பிரதி. எழுதியது பெண் என்று தெரிந்தால் பையன்கள் வாங்கமாட்டார்களோ என்று பயந்து, ஆசிரியர் பெயரை ஜே.கே. ரௌலிங் என்று எழுத்துகளாகச் சுருக்கச் சொன்னது பதிப்பகம். கதை உள்ளே எப்படி இருந்தாலும் அட்டையில் என்ன தெரியவேண்டும் என்ற கணக்கு அன்றே ஆரம்பித்துவிட்டது. இன்று 80-க்கும் மேற்பட்ட மொழிகளில் 60 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. 2001 முதல் எட்டு படங்கள். கதையில் வரும் நான்கு விடுதிகளுக்கும் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு சின்னம் இருக்கிறதல்லவா? கழுத்துத் துண்டும் டி-ஷர்ட்டும் விற்க அதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விளம்பரம் மட்டும் இதைச் செய்துவிடாது. பாட்டரின் முயலும் சரி, ரௌலிங்கின் பையனும் சரி, முதலில் பிள்ளைகளுக்குப் பிடித்தார்கள். ரௌலிங்கின் பதிப்பாளர் தன் எட்டு வயது மகளிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தாராம். அவள் மிச்சம் எங்கே என்று நச்சரித்த பிறகுதான் புத்தகம் அச்சுக்குப் போனது. வியாபாரம் பின்னால் வந்தது. வந்த பிறகு கதையையே மறைத்துக்கொண்டு நின்றது.

நம் ஊருக்கு எப்படி வருகிறது?

கதாபாத்திரத்தின் உரிமையாளர் எங்கோ ஒரு நாட்டில் இருப்பார். டி-ஷர்ட், பொம்மை, டிபன் பாக்ஸ் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக லைசென்ஸ் விற்பார். வாங்கியவர் ராயல்டி கட்டவேண்டும். பொதுவாக மொத்த விலையில் பத்தில் ஒரு பங்கு என்கிற அளவில் முன்னே பின்னே இருக்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகையும் உண்டு. அந்த லைசென்ஸ்காரர் அல்லது அவரிடம் சரக்கெடுக்கும் கடைக்காரர் திருப்பூருக்கு ஆர்டர் கொடுப்பார்.

ஆர்டரோடு ஒரு கையேடும் வரும். கரடியின் மஞ்சள் எந்த மஞ்சள், சட்டையின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று நம்பர் போட்டிருக்கும். காது எவ்வளவு சாய்ந்திருக்கவேண்டும் என்றுகூட இருக்கும். சாம்பிள் போய், திரும்பி, மறுபடி போய், ஒப்புதல் வந்த பிறகுதான் பிரிண்டிங்கில் கை வைக்கலாம். அப்புறம் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கைமடி வேலைக்கு நிற்கும் புதுப் பெண்ணிலிருந்து பெட்டி கட்டும் அண்ணன்வரை எத்தனையோ கைகள் அந்தக் கரடியைத் தொட்டு அனுப்புகின்றன. கழிந்த பீஸை வெளியே விற்கக்கூடாது என்றும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அப்படியும் காதர்பேட்டைக் குவியலில் உலகப் புகழ் கதாநாயகர்கள் எல்லோரும் கிடக்கிறார்கள். அதில் எது மிச்சம், எது கழிவு, எது யாரோ இணையத்தில் படத்தை எடுத்துத் தானே அடித்துக்கொண்டது என்று பார்த்தவுடன் சொல்வது கஷ்டம்.

2024-25-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். இதில் கதாபாத்திரம் அச்சிட்ட துணிக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் தெருவில் பல வீட்டு அடுப்பு எரிவது இந்த ஊர் துணியால்தான். ஆகவே, கரடியைத் திட்டும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் உறுத்துகிறது. ஒரே துணி, ஒரே தையல், ஒரே கூலி. நெஞ்சில் படம் இல்லாவிட்டால் ஒரு விலை. கரடி ஏறினால் வேறு விலை. ஏறிய விலை துணிக்கோ தையலுக்கோ போவதில்லை. பெயருக்குப் போகிறது. நம்மிடம் கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, நூல் இருக்கிறது. பெயர் மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

பெயருக்கு ஒரு பயமும் உண்டு. 2012 நவம்பரில் வங்கதேசத்தில் தஸ்ரீன் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். எரிந்த இடத்தில் டிஸ்னி முத்திரை போட்ட துணிகளும் கிடந்தன. அங்கே தைக்க அனுமதியே கொடுக்கவில்லை என்றது அந்த நிறுவனம். அடுத்த ஆண்டு, வங்கதேசத்தில் தன் பெயரில் பொருள் தயாரிப்பதையே நிறுத்திக்கொள்வதாக முடிவெடுத்தது. பிள்ளைகள் சிரிக்கும் முகத்தில் கரி படிவதை எந்தப் பெயர்க்காரரும் தாங்கமாட்டார். அதனால்தான் இங்கேயும் லைசென்ஸ் ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளில் ஆடிட், தீயணைப்புப் பயிற்சி, வெளியேறும் கதவு என்று இவ்வளவு கெடுபிடி. அந்தக் கெடுபிடியால் தொழிலாளிக்கும் கொஞ்சம் நன்மை வந்திருக்கிறது. ஆனால் பயந்துபோய் ஒரு நாட்டையே விட்டு விலகினால், வேலையை இழப்பது அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்தான் என்பதும் நிஜம்.

நம் பக்கத்து ராஜா

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி முடித்தபோது அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்த வாரம் எழுதவைத்தது.

"அப்ப நம்மகிட்ட அந்த மாதிரி கதையே இல்லியா?"

இல்லாமலா? உருவிய வாளோடு ஒரு ராஜா, தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் கதைக்கு வந்த அந்தப் படத்தை ஐம்பது வயது தாண்டிய யாரிடம் காட்டினாலும் முகம் மலரும். அதை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். அவர் 1924-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? தாராபுரம் பக்கம் காரத்தொழுவு. இன்றைய கணக்கில் திருப்பூர் மாவட்டம்! நம் மண்ணில் பிறந்த ஒருவர் வரைந்த ராஜாவைத்தான் இந்தியா முழுக்கப் பிள்ளைகள் அவரவர் மொழியில் பார்த்து வளர்ந்தார்கள். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. பிறகு பன்னிரண்டு மொழிகளுக்கும் மேல் போனது.

வேதாளக் கதை 11-ஆம் நூற்றாண்டுச் சமஸ்கிருதக் கதைத் தொகுப்பான கதாசரித் சாகரத்திலேயே இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். 1985-இல் தூர்தர்ஷன் தொடராக ஒளிபரப்பியது. 2017-இல் தமிழ்ப் படம் ஒன்று அதன் எலும்புக்கூட்டை எடுத்துப் போலீஸ் கதை பண்ணியது. கதை இன்னும் உயிரோடு திரிகிறது. அதற்கு முகம் கொடுத்த அந்தப் படம்?

பத்திரிகை 2007-இல் ஒரு மும்பை மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் நின்றே போனது. சங்கர் 2020-இல் சென்னையில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். காதர்பேட்டையில் இத்தனை வருஷம் சுற்றியிருக்கிறேன். அந்த ராஜாவை ஒரு டி-ஷர்ட்டில்கூட நான் பார்த்ததில்லை.

இங்கே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா என்பவரின் கம்பெனி மகாபாரதத்துப் பீமனிடமிருந்து பெயரை வாங்கி, சின்னப் பையனாக்கி, ஆரஞ்சு வேட்டி கட்டி, கையில் லட்டு கொடுத்தது. 2008-இல் போகோ சேனலில் சோட்டா பீம் வந்தான். பிறகு டி-ஷர்ட், ஸ்கூல் பை, வாட்டர் பாட்டில் என்று எல்லாவற்றிலும் ஏறினான். அந்தக் கம்பெனி அவற்றை விற்கத் தனிக் கடைகளே திறந்தது. பீமன் வியாசருடையவன், நம் எல்லோருடையவன். ஆரஞ்சு வேட்டிப் பையன் அந்தக் கம்பெனிக்காரர்களுடையவன். சிவப்பு பனியன் கணக்குத்தான் இதுவும். கணக்கை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள், நாம் வைத்திருக்கவில்லை.

அதனால் பிள்ளைகளுக்கு எழுதுகிற, வரைகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பாராட்டுக்கு மயங்கி, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படத்தின் உரிமை யாரிடம் இருக்கும், அதைத் துணியிலும் பொம்மையிலும் போட்டால் உங்கள் பங்கு என்ன என்று கேளுங்கள். முயலம்மா 1903-இலேயே யோசித்ததை நாம் இப்போதாவது யோசிக்கலாம்.

கதை முதலில், சட்டை பிறகு

வீட்டுக்கு வருவோம். பிள்ளை கேட்டால் அந்த டி-ஷர்ட்டை வாங்கிக்கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டிருப்பதைத் தானும் போட ஆசைப்படுவது பாவமில்லை. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், "இதில் துணிக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு" என்று விலையைப் பிரித்துக் காட்டுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நெஞ்சில் யார் படம் இருக்கிறதோ, அவருடைய கதை ஒன்றாவது தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் நூலகத்தில் தேடுவோம். ஆண்டுதோறும் நடக்கும் திருப்பூர் புத்தகத் திருவிழாவில் தேடுவோம். கிடைக்காவிட்டால் யாராவது படித்துவிட்டு வந்து வாயால் சொல்லவேண்டும். படம் வெறும் சாயம். கதை தெரிந்தால்தான் அது பிள்ளைக்குச் சொந்தமாகும். கதையை வாங்க லைசென்ஸ் தேவையில்லை.

அன்றைக்கு வாசல்படியிலேயே அந்தப் பெண்ணுக்குக் கரடி கதை ஒன்று சொன்னேன். நண்பன் முயலின் வளைக்கு விருந்துக்குப் போன கரடி, தேனும் பாலும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வெளியே வரப் பார்க்கிறது. வயிறு வாசலில் மாட்டிக்கொள்கிறது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை. மெலிகிறவரை ஒரு வாரம் பட்டினி. அதுவரை பொழுது போக, கிறிஸ்டோபர் ராபின் தலைப்பக்கம் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறான். முயலோ, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் சும்மாதானே இருக்கின்றன என்று அவற்றில் துண்டு காயப்போடுகிறது.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா அவளைவிட அதிகமாகச் சிரித்தார்.

"ட்ரவுசர் போட்டிருந்தா இன்னும் மாட்டியிருக்கும்" என்றாள் மகள், தன் கேள்விக்குத் தானே பதில் கண்டுபிடித்துவிட்டு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் எட்டரைக்கு வேலை. அரிசி ஊறவைக்கவேண்டும். படி இறங்கும்போது திரும்பி, "அந்தக் கரடி ஆர்டர் மறுபடி வந்துச்சுன்னா வம்புதான் அம்மணி" என்றார். "மூக்கைப் பார்க்கறப்பெல்லாம் துண்டு காயப்போட்டது நெனப்புக்கு வந்து சிரிப்பேன். சூப்பர்வைசர் கேட்டா என்னத்தைச் சொல்றது?"

கதையைச் சொல்லுங்கள் என்றேன்.